முதல் வெட்டு

சுந்தரம்மாள்: ஒரே ஒரு வெட்டு வச்சுக் குடுங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.

ராமர்: மொதல்ல பூசணியக் கீழ வையி. காம்பப் பிடிச்சா தூக்குவாக? காம்பு போச்சுன்னா காய் அழுகிப்போகும்னு எத்தன தடவ சொல்றது?

சுந்தரம்மாள்: இன்னைக்கே வெட்டப்போற காய்க்குக் காம்பு இருந்தா என்ன, போனா என்ன...

ராமர்: யாரு வெட்டப்போறது? பரண்ல கடைசியா இருக்கிறது இது ஒண்ணுதான். விதைக்காய். ஆடியில ஊனணும்.

சுந்தரம்மாள்: விதைய எடுத்து சாம்பல்ல பெரட்டி, சாணியில வச்சு செவத்துல அப்பிர்றேன். சதையத்தான கேக்குறேன்.

ராமர்: நாள் கெழமை இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன திடீர்னு பூசணி?

சுந்தரம்மாள்: புளிக்கொழம்பு வைக்கலாம்னு... நாக்கு செத்துப்போய்க் கெடக்கு.

ராமர்: யாரு நாக்கு?

சுந்தரம்மாள்: ...என் நாக்குதான்.

ராமர்: உனக்கா! எனக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து பூசணியக் கண்டா மொகத்தச் சுளிக்கிறவ நீ. தித்திப்பா இருக்குன்னு ஒதுக்கி வைப்ப.

சுந்தரம்மாள்: வயசாக வயசாக மாறாதா?

ராமர்: மாறும், மாறும். அந்தச் சட்டியில என்ன ஊறுது?

சுந்தரம்மாள்: தட்டப்பயறு.

ராமர்: சட்டி நெறைய பயறு. அங்கிட்டு ஒரு உருண்டைப் புளி. ரெண்டு பேருக்கா இம்புட்டும்? நான் என்ன கோயில் யானையா?

சுந்தரம்மாள்: நாளைக்கும் வச்சுக்கலாம்ல. சுண்டச் சுண்டத்தான் ருசி.

ராமர்: தூக்குச்சட்டி எதுக்கு வெளக்கிக் கவுத்திருக்க?

சுந்தரம்மாள்: தூசியா இருந்துச்சு.

ராமர்: வெளக்குன வெளக்குல என் மூஞ்சி தெரியுது. தூசிக்கு இம்புட்டுப் புளியும் சாம்பலும் தேவையில்ல.

சுந்தரம்மாள்: செத்த நேரம் ஆகுமாங்க ஒரு வெட்டு வைக்க? நீங்க வெட்டுனாத்தான் நான் தொடமுடியும். பொம்பள முழுப் பூசணியில கத்தி வைக்கக்கூடாதுன்னு உங்க வீட்டு வழக்கந்தான.

ராமர்: எங்க வீடு, உங்க வீடுன்னு இல்ல. நம்ம சனத்துக்கே வழக்கம். முழுப் பூசணி தலச்சன் புள்ள மாதிரி. மொத வெட்டு வீட்டு ஆம்பள வெட்டு.

சுந்தரம்மாள்: நமக்குத் தலச்சன் பொம்பளப் புள்ளதாங்க.

ராமர்: ...அந்தப் பேச்ச எடுக்காத.

சுந்தரம்மாள்: பேரச் சொல்லலையே.

ராமர்: பேரச் சொல்லாட்டிப் பேச்சு இல்லைன்னு ஆயிருமா?

சுந்தரம்மாள்: சரி, விடுங்க. கத்தியப் பிடிங்க.

ராமர்: எனக்கு மனசில்ல. அப்பிடி வெட்டியே ஆகணும்னா எங்கண்ணன் மகன் வேலுசாமியக் கூப்பிடு. போன வருசம் அம்மா தெவசத்துக்கு எப்பிடி வெட்டி வச்சிருந்தான்!

சுந்தரம்மாள்: ...ம்.

ராமர்: நான் திண்டுக்கல்லுல எலை வாங்கிட்டு பஸ்ஸு கெடைக்காம நின்னுட்டேன். படையல் என்னாகுமோன்னு பதறிக்கிட்டு வாரேன். வந்து பாத்தா... ரெண்டு பாதியும் தராசுல நிறுத்தாப்ல. ஒரு விதை நசுங்கல. அன்னைக்கே சொன்னேன்ல, ரத்தம் பேசுதுன்னு?

சுந்தரம்மாள்: சொன்னீங்க. பங்காளிக கிட்ட எல்லாம் சொன்னீங்க.

ராமர்: வீட்டு ஆம்பள கைன்னா அப்பிடித்தான் இருக்கும்.

சுந்தரம்மாள்: நல்ல கைதாங்க. நான் இல்லைன்னு சொல்லல.

ராமர்: ஏன் வேற பக்கம் பாக்குற? என்னப் பாத்துச் சொல்லு. கொழம்பு யாருக்கு?

சுந்தரம்மாள்: நம்ம தமிழ்மதிக்கு. ஒம்பதாம் மாசங்க. வளைகாப்புப் போடல. கட்டுச்சோறு கட்டிட்டுப் போக ஆத்தா வரல. தட்டப்பயறு போட்டு நம்ம வீட்டுப் பூசணியில புளிக்கொழம்பு... கேட்டுப்புட்டா. வாயத் தொறந்து ஒண்ணும் கேக்காதவ கேட்டுப்புட்டா.

ராமர்: உனக்கு எப்பிடித் தெரியும்?

சுந்தரம்மாள்: பேசுவேன். எஸ்.டி.டி. பூத்துல.

ராமர்: அப்ப பூத்துக்காரனுக்கும் தெரியும்!

சுந்தரம்மாள்: ஒங்க மக மாசமா இருக்கான்னு சொல்றேன். உங்களுக்குப் பூத்துக்காரன் ஞாபகம் வருது.

ராமர்: எனக்கு மக இல்ல. காந்திகிராமத்துக்குப் படிக்கப் போறேன்னு போயி, அந்தச் சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையன் கூடப் போன அன்னைக்கே தல முழுகிட்டேன்.

சுந்தரம்மாள்: நீங்க முழுகுனீங்க. நான் முழுகல. அன்னைக்குக் கெணத்துல எனக்குத் தண்ணி மிச்சம் இல்ல.

ராமர்: வாய் நீளுது...

சுந்தரம்மாள்: இத்தன வருசமா மடக்கி வச்சிருந்தேன். கொஞ்சம் நீளட்டும்.

ராமர்: ஏ, ஊருக்குள்ள நாலு பேரு இன்னைக்கும் என்னக் கண்டா துண்ட எடுத்துட்டு நிக்கிறான்னா எதுக்கு நிக்கிறான்? சொன்ன சொல்லுல நிக்கிறேன்னு நிக்கிறான். அவ வீட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது, என் வீட்டு அரிசி அவ அடுப்புல வேகாதுன்னு பஞ்சாயத்துல நின்னு சொன்னேன்.

சுந்தரம்மாள்: சொன்னீங்க. போறப்ப என்னத்த எடுத்துட்டுப் போனா? காதுல கெடந்த தோட்டக்கூட கழட்டி சாமி மாடத்துல வச்சுட்டுத்தான் போனா.

ராமர்: அந்த வரைக்கும் மானம் இருந்துச்சு.

சுந்தரம்மாள்: ஒண்ணே ஒண்ணு எடுத்தா. சமையக்கட்டு செவத்துல அப்பியிருந்த விதை வரட்டி ஒண்ணு. செவத்துல வட்டமா வெள்ளையா ஒரு தடம் இருந்துச்சே, பாத்திருப்பீங்க.

ராமர்: இப்ப எதுக்கு அது? என் விதைக்காய் அந்த வீட்டுக்குப் போகாது. அம்புட்டுத்தான்.

சுந்தரம்மாள்: இது உங்க விதை இல்லைங்க.

ராமர்: என்ன சொன்ன?

சுந்தரம்மாள்: ஆத்தூர் டேம் வத்துன வருசம் நீங்க ஊனுனது அத்தனையும் கருகுச்சு. செவத்துல மிச்சம் இருந்தத வண்டு தின்னுருச்சு. அப்புறம் சலதாரை ஓரத்துல ஒரு கொடி கெளம்பி மாட்டுக்கொட்டத்து மேல ஏறுச்சுல்ல? அது தானா மொளைக்கல. தமிழ்மதி அவ வீட்டுல ஊனி, காய்ச்சு எடுத்த விதை. குடுத்துவிட்டா. நான் ஊனுனேன்.

ராமர்: யாரு கொண்டாந்தது?

சுந்தரம்மாள்: வந்துச்சு.

ராமர்: யாருடி கொண்டாந்தது?

சுந்தரம்மாள்: அது இப்ப முக்கியமில்ல. சித்தையன்கோட்டை டீக்கடையில நின்னு, மேட்டு வீட்டுப் பூசணி வறச்சியிலயும் காய்ச்சிருக்கு பாருன்னு மீசைய முறுக்குனீங்களே, அது அவ காய். ரெண்டு வருசமா நீங்க திங்கிறது அவ காய். இப்ப டவுன்ல மாடி வீட்டுல இருக்கா. ஊன்றதுக்கு ஒரு சாண் மண்ணு இல்ல அவளுக்கு. அவ குடுத்ததத்தான் அவளுக்குக் கேக்குறேன்.

ராமர்: ...தெரியும்.

சுந்தரம்மாள்: என்ன தெரியும்?

ராமர்: வண்டு தின்னத உனக்கு முந்தி நான் பாத்தேன். செவத்துல இருந்த வரட்டி அம்புட்டையும் ஒடச்சேன். ஒண்ணுலயும் பருப்பு இல்ல, தோல்தான். பின்ன கொடி மட்டும் எங்கிருந்து வரும்? எலையில அதே வெள்ளப் பொட்டு. காயில அதே வரி. இந்த ஜாதிப் பூசணி நம்மள விட்டா வேற ஒரு செவத்துலதான் இருந்துச்சு.

சுந்தரம்மாள்: தெரிஞ்சேவா தின்னீங்க?

ராமர்: தெரிஞ்சேதான் தின்னேன்.

சுந்தரம்மாள்: ரெண்டாவது தடவ கூட்டுக் கேட்டு வாங்கி...

ராமர்: ஆமா. கேட்டு வாங்கித்தான் தின்னேன்.

சுந்தரம்மாள்: அப்ப ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க... நான் திருட்டுப் பொம்பள மாதிரி ஒளிச்சு ஒளிச்சு...

ராமர்: சொன்னா நீ அங்க போவேன்னு நிப்ப. இந்தா, இப்ப நிக்கிறேல்ல, அப்பிடி.

சுந்தரம்மாள்: அவ காய உள்ள விட்டீங்க. நான் வெளிய போறதுக்கு என்ன?

ராமர்: கதவச் சாத்திட்டுத் திங்கிறது எவனுக்குத் தெரியும்? நீ தூக்குச்சட்டியோட மினிபஸ்ல ஏறுனா, கண்டக்டர் பய, 'எங்க ஆத்தா போற?'ன்னு கேப்பான். நீ எறங்குறதுக்குள்ள ஊரு பூராச் சொல்லும், மேட்டு வீட்டுக்காரன் எறங்கி வந்துட்டான்னு.

சுந்தரம்மாள்: அதுக்காகவா... புள்ளத்தாச்சி வயிறு அங்க ஏங்கிக்கிட்டுக் கெடக்கு.

ராமர்: நான் கண்ண மூடுன பெறகு எங்கிட்டு வேணாலும் போ.

சுந்தரம்மாள்: இதுதான் முடிவா?

ராமர்: இதுதான். காயப் பரண்ல ஏத்து. நான் வெட்டமாட்டேன். வேலுசாமி என் பேச்சத் தாண்டி வெட்டமாட்டான். பொம்பள நீ வெட்டக்கூடாது. இந்த வீட்டு ஆம்பள கை படாம அந்தக் காய் பொளக்காது.

சுந்தரம்மாள்: வேலுசாமி அன்னைக்கு ஊர்லயே இல்லைங்க.

ராமர்: என்னைக்கு?

சுந்தரம்மாள்: உங்கம்மா தெவசத்தன்னைக்கு. அவன் மாமியா வீட்டுக்கு ஆயக்குடி போயிருந்தான்.

ராமர்: அப்ப... வெட்டுனது?

சுந்தரம்மாள்: டவுனுக்கு வீடு மாறிப் போறோம்னு சொல்லப் பின்வாசல்ல வந்து நின்னாரு உங்க மருமகன் ஸ்டீபன்ராஜு. எல போட நேரமாச்சு, வீட்டுல ஆம்பள இல்லையேன்னு நான் தவிச்சுக்கிட்டு நின்னேன். கைகாலக் கழுவிட்டு வந்து ஒரே வெட்டு. வேலுசாமின்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க, நான் மறுக்கல. நீங்க மெச்சிக்கிட்டுத் திரியிறீங்களே, அந்தக் கை. உங்கம்மா எலையில விழுந்தது அவரு வெட்டுன காய். இன்னைக்கும் என்னக் கூட்டிட்டுப் போக வாராரு. மொதல்ல உங்களக் கேக்குறதுதான் முறைன்னு கேட்டேன்... கேட்டாச்சு. கத்திய இங்கிட்டு வச்சுட்டு நகந்து உக்காருங்க. இந்தத் தடவ முன்வாசல் வழியா வரச் சொல்லியிருக்கேன்.