நானா கட்டிய வேப்பிலை

கண்டி ரயிலில் கம்பளையில் ஏறியவர், உட்காரும் முன்பே எதிரே இருந்த நண்பரிடம் சொன்னார்:

“துணிக்கடை நானா வாசல்ல வேப்பிலை கட்டியிருக்காருங்க!”

“முஸ்லிம் வீட்டுலயா?”

நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

“மகளுக்கு அம்மை. யாரும் வராதீங்கன்னு கடுதாசி ஒட்டினாரு. தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு வாசிக்கத் தெரியுமா? துணி கேட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இருந்திச்சு. அப்புறந்தான் நம்ம கோயில்ல வேப்பிலை கேட்டு வாங்கிக் கட்டினாரு. நேத்து சந்தை. அவ்வளவு சனமும் கும்பிட்டுட்டுத் தள்ளிப் போகுது!”

“பள்ளிவாசல்ல சும்மா விட்டாங்களா?”

“லெப்பையே வந்தாரு. தெருவுல நின்னு ரொம்ப நேரம் பார்த்தாரு. எனக்கே பயமாப் போச்சு.”

“என்ன சொன்னாரு?”

“‘இலை காஞ்சிருச்சு, பச்சையா வேற கட்டுங்க’ன்னாரு.”