வெள்ளக் கல்லு இருந்த எடம்

ஆனி அக்கா, ஹாஸ்டல்ல யாராச்சும் பக்கத்துல இருந்தா ஹெட்போன் போட்டுகினு கேளு. நான் கல்ல தூக்க ஆரம்பிச்சப்ப ராகேஷ் சார் உயிரோட தான் இருந்தாரு. நீ நர்ஸு, அத தான் மொதல்ல கேப்ப, அதனால மொதல்லயே சொல்லிட்டேன். மீதிய மெல்லமா சொல்றேன், அப்பா தூங்கறாரு.

நல்ல மனுஷன் அக்கா அவரு. காத்துல கரண்ட் எடுக்கற காத்தாடி கம்பெனிக்கு எடம் பாக்கறவரு. முன்னாடி குஜராத் பக்கம் கடலுக்குள்ள காத்தாடி நிறுத்த எடம் பாத்தாராம். "கடலோ மேடோ, பாக்கறது ஒரே மாதிரி தான் ஜெனி. மீனு, பட்சி எந்த வழியா போவுது, கரண்ட்ட எந்த லைன்ல ஏத்தறது, அங்க இருக்கற ஜனத்துக்கு இன்னா கெடைக்கும்"னு பஃப்ஸ் தின்னுகினே சொல்லுவாரு.

பேத்தமங்களா ஏரிக்கரைய வேணாம்னுட்டாரு. நாரை எறங்கற எடம், காத்தாடி ரெக்கையில அடிபட்டு சாவும். மிச்சம் நம்ம லைன் வீடுங்களுக்குப் பின்னாடி இருக்கற மேடு தான். புல்லு கூட மொளைக்காத மைன்ஸ் மண்ணு, நல்ல காத்து, கரண்ட் டவர் பக்கத்துலயே. காத்தாடி எந்த லைன் ஓரமா நிக்குதோ அந்த லைன்காரங்களுக்குத் தான் வேலைன்னு கம்பெனி சொல்லிச்சு. அப்பா வேலைக்கு இருட்டுல பெங்களூர் ட்ரெயின் புடிச்சி இருட்டுல வந்து எறங்கறாரு. சர்ச்சுல ஒக்காந்தே தூங்கறாரு. அவரு மூஞ்சிய வெளிச்சத்துல பாக்கணும்னு நெனைச்சேன், அவ்ளோ தான்.

ஒரே தொந்தரவு, ஹரோல்ட் தாத்தா எறங்குன ஷாஃப்ட், அந்தப் பழைய மைன்ஸ் குழி. அவரும் கூடப் போனவங்களும் மேல வரவே இல்ல. மரத்தப் போட்டு, மண்ணக் கொட்டி வாய மூடிட்டாங்க. சுத்தி சுண்ணாம்படிச்ச கல்லு வெச்சி, கல்லறைத் திருநாளுக்கு நம்ம ஜனம் மெழுகுவத்தி கொளுத்தறது ஒனக்குத் தெரியும். அது சரியா மேட்டு நடுவுல. அடியில ஷாஃப்ட் இருந்தா எடம் தள்ளுபடி.

அதனால நேத்து கல்ல எல்லாம் நகத்தி, கீழ சப்பாத்திக்கள்ளி பக்கம் வெச்சேன். பழைய மெழுகக் கூட சொரண்டி எடுத்துகினு போயி அங்க ஒட்டினேன். யாருக்கும் கெட்டது நெனைக்கல. பின்னால மிஷின் வெச்சி மண்ண பாப்பாங்க, ஓட்டை தெரிஞ்சா காங்கிரீட் போட்டு அடைச்சிடுவாங்க. அதுக்குள்ள நம்ம லைன் பேரு முடிவாயிடும்.

இன்னிக்கு சாயந்தரம் வந்த சார் மைன்ஸ் மேப்ப மடிச்சி பையில வெச்சிட்டாரு. "மேப்பு தப்பா இருக்கும். செத்தவங்களுக்கு நீங்க மெழுகுவத்தி வெக்கற ஜாகா தப்பா இருக்காது, இல்லியா?"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அளக்கற டேப்போட ஒரு மொனைய நான் புடிச்சிருந்தேன். அவரு மேட்டு நடுவுல போயி சுத்தியால கம்பி அடிச்சாரு. டேப்பு என் கையில இருந்து வெடுக்குன்னு உருவிகினு போச்சு.

தொம்முனு சத்தம். பக்கத்து வூட்டு வெங்கடம்மா ஆண்ட்டி வாசலுக்கு வந்து, "இன்னாடி அது?"ன்னாங்க. "ஏர் பிளாஸ்ட் ஆண்ட்டி"ன்னேன். மைன்ஸ் மூடுனாலும் அடியில பாறை வெடிக்கறது நமக்குப் பழக்கம் தானே. "எல்லாருக்கும் ரிட்டயர்மென்ட் குடுத்தாங்க, இந்தப் பாறைக்கு மட்டும் குடுக்கல"ன்னுட்டு சீரியல் பாக்கப் போயிட்டாங்க.

உள்ள இருந்து சார் என் பேர சொல்லிக் கூப்ட்டாரு. காலு ஒடஞ்சிடுச்சாம், ஏதோ மரத்துல மாட்டிகினு இருக்காராம். ஆளுங்கள கூப்டத்தான் ஓடுனேன் அக்கா. ஆனா வந்தா கல்லத்தான் மொதல்ல பாப்பாங்க, யாரு நகத்துனாங்கன்னு கேப்பாங்க. அதனால திரும்பிப் போயி, ஒண்ணொண்ணா தூக்கியாந்து பழைய எடத்துலயே வெச்சேன். இப்ப பாத்தா, அவரே கல்லத் தாண்டிப் போன மாதிரி இருக்கும். அவருக்குக் கெட்ட பேரு தான். ஆனா படிச்சவரு, வேற எங்கயாச்சும் வேல கெடைக்கும்.

கல்லு வெக்கற சத்தம் கேட்டு, "வந்துட்டாங்களா ஜெனி?"ன்னாரு.

"வந்துகினு இருக்காங்க சார். கத்தாதீங்க, மண்ணு சரியும்."

"சரிம்மா"ன்னாரு.

அப்பறம் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு சோறு போட்டேன். அவரு படுத்ததும் மறுபடி போயி, கல்லு பக்கத்துல குந்திகினு காது குடுத்துக் கேட்டேன். ஒண்ணும் கேக்கல. நான் சொன்ன பேச்சக் கேட்டு தான் சும்மா இருக்காரா அக்கா?