நான்கு நிமிடப் பிழை யாருடையது

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் துறைத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பேராசிரியர் அம்மையாரிடம் படித்தவர்களே, படிக்காமலேயே அவரிடம் திட்டு வாங்கியவர்களே, முன் வரிசையில் இருக்கும் அவருடைய மகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. முப்பத்தோரு ஆண்டுகள் இந்தத் துறையில் அட்டவணை தயாரித்தவன் நான். மாணவர்கள் எனக்கு வைத்த பெயரே ‘அட்டவணை சார்’தான். ஆகவே எழுதி எடுத்து வந்திருக்கிறேன். ஏழு பக்கம். நடுவில் என் குரல் நின்றுவிட்டால், தயவுசெய்து கைதட்டி என்னை இறக்கிவிடாதீர்கள். கடைசிப் பக்கம்வரை படித்தாக வேண்டும்.

ஒரு சட்டம் என்ன சொல்கிறது என்று எத்தனையோ பேர் ஆராய்ந்தார்கள். அது எப்படி நிறைவேறியது என்று கேட்டவர் யார்? எத்தனை பேர் பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள், எதிர்த்தவர்களின் பெயர் எங்காவது பதிவாயிற்றா என்று நாற்பது ஆண்டுகள் விடாமல் கேட்டவர் யார்? நம் பேராசிரியர் அம்மையார் அல்லவா!

அவர் ஆய்வில் சேர்ந்தபோது அன்றைய துறைத் தலைவர் கிண்டல் செய்தார்.

“ஏம்மா, சாப்பாடு எப்படி இருக்குன்னு பாக்காம, அடுப்பு எப்படி எரியுதுன்னா பாக்கப் போற?”

“அடுப்பே எரியாம சாப்பாடு வருது சார். அதத்தான் பாக்கணும்.”

அந்தக் காலத்தில் சட்டப்பேரவையின் பார்வையாளர் மாடத்துக்குள் பேனாவுக்கு அனுமதி கிடையாது. அம்மையார் அரைமணி நேரம் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் மனத்தில் ஏற்றிக்கொண்டு வெளியே போவார். கழிவறையில் நின்று எழுதிவிட்டுத் திரும்பி வருவார். வாசலில் இருந்த காவலர் ஒரு வாரம் இதைப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு கேட்டிருக்கிறார்.

“ஏம்மா, வயிறு ஏதும் சரியில்லையா? ஒரு டாக்டரப் பாருங்களேன்.”

“வயிறு நல்லாத்தான் இருக்கு தம்பி. சபைதான் சரியில்ல.”

அந்தக் காவலர் இன்று கடைசி வரிசையில் இருக்கிறார். சிரிக்கிறார். ஐயா, நீங்கள் வந்ததற்கு நன்றி.

முதல் முறை வெற்றி பெற்ற உறுப்பினர் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தது நினைவிருக்கிறது. மசோதாவை எதிர்த்தும் தன் எதிர்ப்பு பதிவாகவில்லை என்று வருந்தினார். குரல் வாக்கெடுப்பில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற சத்தம்தான் கேட்கும், யார் சொன்னார் என்பது குறிப்பில் ஏறாது. அம்மையார் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். “எங்க, ‘எண்ணிக்கை வாக்கெடுப்பு வேணும்’னு கேளுங்க பாப்போம்” என்றார். அவர் கேட்டார். “இவ்வளவு மெதுவா கேட்டா உங்க பக்கத்து சீட்டுக்காரருக்கே கேக்காது. மூணு தடவ கேளுங்க. குறிப்பு எடுக்கிறவர் எழுதுறாரான்னு பாத்துட்டு அப்புறமா உக்காருங்க.” அடுத்த கூட்டத்தொடரில் அவர் மூன்று முறை கேட்டார். பேர் பேராக எண்ணினார்கள். தோற்றார்தான். ஆனால் எதிர்த்து நின்ற இருபத்தேழு பேரின் பெயரும் அச்சில் வந்தது.

இதுவரை படித்தது எனக்குச் சுலபமான பகுதி. இனிமேல் படிக்கப்போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

எங்கள் வேலைமுறையை முதலில் விளக்க வேண்டும். ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு தாள். ஒருவர் அவைக்குறிப்பை முதல் பக்கத்திலிருந்து படித்து விவாத நேரத்தைக் கணக்கிடுவார். மற்றவர் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போய்க் கணக்கிடுவார். இரண்டும் ஒத்துவந்தால் இருவரும் தாளின் அடியில் குறி போடுவோம். என் குறி ஒரு கோடு. அம்மையாரின் குறி சின்ன வட்டம், நடுவில் புள்ளி. இரண்டு குறியும் இல்லாத தாள் அச்சுக்குப் போகாது. இது அவர் வகுத்த விதி.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இந்தக் கணக்குகளை வெளியிடும் எங்கள் நூலின் நான்காம் தொகுதி அச்சுக்குப் போகும் நேரத்தில், அவருடைய கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை. அம்மையார் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். “நான் வந்து பாக்கிற வரைக்கும் அனுப்பாதீங்க சார்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அச்சகத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார்கள். யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். மீதியிருந்தவை பதினேழு தாள்கள். மேடம் பார்த்தாலும் சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினேழு தாளிலும் வட்டம் போட்டேன். நடுவில் புள்ளி வைத்தேன்.

ஆம். அவருடைய குறியை நான் போட்டேன்.

அந்தப் பதினேழில் ஒன்று வாடகைத் தீர்ப்பாய மசோதா. நான்கே நிமிடத்தில் நிறைவேறியதாக என் தாள் சொன்னது. புத்தகம் வந்ததும் பத்திரிகைகள் ‘நான்கு நிமிடச் சட்டம்’ என்று தலைப்புப் போட்டன. உண்மை என்ன? அதற்கு முந்தைய நாள், வாடகை மசோதாவையும் தீர்ப்பாய மசோதாவையும் சேர்த்தே விவாதித்திருக்கிறார்கள். மூன்று மணி பத்து நிமிடம்! ஆனால் அந்த விவாதம் முழுவதும் முதல் மசோதாவின் தலைப்பின் கீழ் அச்சாகியிருந்தது. நான் தலைப்பை மட்டும் பார்த்தேன். பின்னாலிருந்து படிப்பவர் விவாதம் எங்கே தொடங்கியது என்று தேடிப் போயிருப்பார், முந்தைய நாளில் போய் முட்டியிருப்பார். பின்னாலிருந்து படிக்கத்தான் ஆள் இல்லையே!

பேரவையின் உரிமைக் குழு அம்மையாரை அழைத்தது. சபையைப் பற்றிப் பொய் எழுதினார் என்று குற்றச்சாட்டு. நான் கோப்புகளோடு அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீளமான மேசை, பச்சை விரிப்பு, சத்தமிடும் மின்விசிறி. குழுவின் தலைவர் தாளை நகர்த்தினார்.

“அம்மா, இந்த வட்டம் யாரோடது?”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். தன் கையால் போடாத குறியை அடையாளம் காணாதவரா அவர்? என் பக்கம் திரும்பவே இல்லை.

“என்னோடதுதான்.”

“அப்ப நீங்க சரிபாத்துட்டுத்தான் அனுப்பினீங்க?”

“ஆமா. தப்பு என்னோடது. வருத்தம் தெரிவிச்சுக்கிறேன்.”

கண்டனம் தெரிவித்தார்கள். அவருடைய மாட அனுமதிச் சீட்டை ரத்து செய்தார்கள். சாகும்வரை அவர் அந்த மாடத்துக்குள் நுழையவில்லை. நான் அந்த அறையில் எழுந்து நின்றிருக்கலாம். ஓய்வுபெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. எழுந்திருக்கவில்லை.

வெளியே படியிறங்கும்போது, “மேடம், அந்தத் தாள்ல...” என்று ஆரம்பித்தேன்.

“சார், பாத்து இறங்குங்க, படி வழுக்குது” என்றார். பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் முதல் அவருடைய தாள்களில் வட்டமும் புள்ளியும் இல்லை. முழுக் கையெழுத்து, தேதி, நேரம். அவர் எனக்குக் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான். ஓய்வுபெற்ற பிறகும் அவரோடு எண்ண வந்துகொண்டிருந்தேன், ஆகவே ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் தினமும் வாங்கினேன்.

பொய்ப் பதிவைவிடப் பெரிய பாவம் இல்லை என்று வகுப்பெடுத்தவர் அவர். அப்படிப்பட்டவர் எனக்காகக் குழுவின் பதிவேட்டில் ஒரு பொய்யை ஏற்றினார். இதைப் பெருந்தன்மை என்று சொல்லி நான் இறங்கிவிடலாம். மனம் ஒப்பவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாரா? அல்லது, கள்ளக் குறி என்று தெரிந்தால் நான்கு தொகுதிகளையும் ஒரேயடியாகத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று அஞ்சினாரா? எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டியவன் நான். பன்னிரண்டு ஆண்டுகள் எதிர் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை.

இன்று காலை அவருடைய மகளை இந்த மண்டபத்தின் தாழ்வாரத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே படிக்கிறேன், அனுமதி வாங்கிவிட்டேன்.

“அம்மா இருக்கும்போது வராத பேச்சு இப்ப எப்படி அங்கிள் வருது? என்கிட்ட சொல்லி அழுதுட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்கறீங்களா? மேல ஏறிச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

அதனால்தான் சொல்கிறேன். அவர் வற்புறுத்தியிராவிட்டால் கழிவறைக் கதையோடு இறங்கியிருப்பேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும்.

ஐந்தாம் தொகுதியின் கையெழுத்துப் படி தயாராக இருக்கிறது. ‘அந்தப் பிழைக்குப் பிறகு யோசிக்க வேண்டியிருக்கிறது’ என்று பதிப்புக் குழு ஒன்றரை ஆண்டாக அதை வைத்திருக்கிறது. தலைவர் அவர்களே, அந்தத் தொகுதியின் ஒவ்வொரு தாளிலும் அம்மையாரின் முழுக் கையெழுத்து இருக்கிறது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோசிக்க வேண்டியது என் பதினேழு தாள்களைப் பற்றி. அவற்றை நான் மறுபடி எண்ணிவிட்டேன். இன்னும் இரண்டில் பிழை இருக்கிறது. ஆனால் நான் எண்ணியது போதாது. “பின்னாலேருந்து நான் எண்றேன். உங்கள நம்பி இல்ல, நம்பாததாலதான்” என்று மகள் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை தொடங்குகிறோம். பிழைகள் எல்லாம் என் பெயரில், ஐந்தாம் தொகுதியின் முதல் பக்கத்தில் வரும். பேரவைச் செயலகத்துக்கும் கடிதம் எழுதிவிட்டேன், பிரதி இதோ. அம்மையாரின் வேலையை முடிப்பேன் என்று இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். இதை என் வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. சற்று நேரத்தில் நாம் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்போகிறோம். வாசலில் கொடுத்த பிரதியைப் படித்தேன். மூன்றாவது பத்தியில், ‘கணக்கில் ஒருமுறை சறுக்கியபோதும் மனம் தளராது உழைத்த’ என்று இருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சறுக்கியது அவர் அல்ல.

தலைவர் அவர்களே, அந்தச் சொற்களை நீக்க வேண்டும் என்று திருத்தம் முன்மொழிகிறேன். வழிமொழிய யாராவது எழுந்தால் நன்றி உள்ளவனாவேன். அருள்கூர்ந்து இதைக் குரல் வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தட்டும், எதிர்ப்பவர்களும் உயர்த்தட்டும். எண்ணுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுங்கள்.

அந்த இருவரில் நான் வேண்டாம்.