மண்டைக்கு மேல கல்யாண மண்டபம்

அத மொதல்ல கீழ வெய்யி கண்ணு. கை வலிக்கப் போவுது. கீழ வெச்சுட்டு அப்பறம் பேசு.

அடேங்கப்பா! இது லைட்டா, கல்யாண மண்டபத்து வாசல்ல கட்டறதா? எத்தன பல்பு? நாப்பதா? எண்ணிப் பாத்தியா, இல்ல அட்டப்பொட்டியில போட்டிருந்தத நம்பிட்டியா? ஓ, ஆன்லைனுல வாங்குனதா. அதான பாத்தேன். படத்துல ஒரு பாலைவனம் இருந்திருக்குமே, மணலு பறக்கும், கூலிங்கிளாஸ் போட்டுட்டு ஒருத்தன் வண்டி மேல சாஞ்சு நிப்பான். அதப் பாத்துட்டுத்தான வாங்குனே? ஏர்காட்டுல எந்தப் பக்கம் கண்ணு பாலைவனம் இருக்குது? சொல்லு, நானும் ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வரேன்.

மெக்கானிக்கு எங்கன்னு உள்ள எட்டி எட்டிப் பாக்கறே? நாந்தான். வெளிய தெரசம்மாள் ஆட்டோ எலக்ட்ரிக்கல்னு போர்டு இருக்குதே, அத தையக்கடைன்னு நெனச்சியா? பதினெட்டு வருசமா இந்த ஒண்டிக்கடையில ஒக்காந்து ஒயரு கடிச்சுட்டு இருக்கறேன். பல்லே தேஞ்சு போச்சு. பொம்பளைகிட்ட குடுக்க நம்பிக்க இல்லீன்னா சேலத்துக்கு எறங்கிப் போ. இருவது வளைவுதான. லைட்டு மாட்டாமயே போ, சீக்கிரமா கீழ போயிச் சேந்துடலாம்.

அட, கோவிச்சுக்காத சாமி. ஒக்காரு. டீ சொல்றேன். ஆரு ஊட்டுப் பையன் நீ? மஞ்சக்குட்டை சின்னன் மவனா! உங்கப்பன எனக்கு நல்லாத் தெரியுமே. காப்பிக்கொட்ட மூட்டைய ரோட்டோரம் அடுக்கி வெச்சுட்டு, போற ஜீப்பையெல்லாம் கும்புட்டுட்டு நிப்பாரு. இப்ப மவனுக்குப் பிக்கப்பே வாங்கிக் குடுத்துட்டாரா. சந்தோசம். பழைய வண்டின்னாலும் பெயிண்ட்டு நல்லா மினுக்குது. பேட்டரி எப்புடி இருக்குதுன்னு கேட்டா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கறே.

எங்க மாட்டோணுங்கறே? கூரை மேலயா? அதுசரி. மண்டைக்கு மேல கல்யாண மண்டபம். உன்ற வண்டி, உன்ற இஷ்டம், சொல்றதுக்கு நான் ஆரு? ஆனா ஒண்ணு. மணி மூணரை ஆவுது. அங்க பாரு, ஏரிப் பக்கமிருந்து பனி கெளம்பிடுச்சு. அஞ்சு மணிக்கு நீ எறங்கோணுங்கறே. அந்நேரத்துக்கு ரோடெல்லாம் பனிதான் இருக்கும். ஒசரத்துல இருந்து வெள்ள வெளிச்சத்த நீ அடிச்சா, பனி அத வாங்கி உன்ற மூஞ்சிக்கே திருப்பி அடிக்கும். கண்ணாடிக்கு முன்னாடி வெள்ள வேட்டியக் கட்டித் தொங்கவுட்ட மாதிரி. ரோடு இருக்காது, ஓரச் செவுரு இருக்காது, எதுக்க வர்றவன் இருக்கமாட்டான். நீயும் அந்த நாப்பது பல்பும் மட்டும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு ஒக்காந்திருக்கலாம்.

லாரிக்காரங்கெல்லாம் மாட்டியிருக்கறாங்களா? ஆமா, மாட்டியிருக்கறாங்க. தூரத்துக்கு அடிக்கற லைட்டு வேற, பனிக்குன்னு இருக்கற லைட்டு வேற கண்ணு. தூரத்து லைட்டு நேர்ரோட்டுல ஓட்டறவனுக்கு. பெங்களூரு பைபாஸுல பறக்கறான் பாரு, அவனுக்கு அரைக் கிலோமீட்டருக்கு அப்பால மாடு நிக்குதான்னு தெரியோணும். நம்ம ரோட்டுல நேரா நூறடி எங்க இருக்குது, காட்டு? அத இங்க கொண்டாந்து போட்டா ஒவ்வொரு வளைவுலயும் பள்ளத்துக்கு மேல ஆகாசத்துலதான் அடிக்கும். சேலத்துல மொட்டமாடியில நிக்கறவன் பாத்துட்டு, மலையில என்னமோ திருவிழாம்பான்.

பனி லைட்டு தரையப் பாத்த ஜாதி. பம்பருக்குக் கீழ, மொழங்காலு ஒசரத்துல மாட்டோணும். அகலமா, தட்டையா விழோணும். மேல் விளிம்பு அருவாள்ல வெட்டுன மாதிரி நிக்கோணும், அதுக்கு மேல ஒரு பொட்டு வெளிச்சம் ஏறக் கூடாது. மஞ்சளா வெள்ளையான்னு டீக்கடையில ஒக்காந்து சண்ட போட்டுட்டிருப்பானுங்க. கலரு அவங்கவங்க இஷ்டம், அந்த வெட்டுதான் முக்கியம். எனக்கு மஞ்ச புடிக்கும். கண்ணுக்கு எதமா இருக்கும், அவ்வளவுதான்.

ஒயரா? ஹெட்லைட்டு ஒயர்லயே சொருகிக்கலாம்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்? யூடியூப்பா? நல்லது. போன மாசம் ஒருத்தரு அதப் பாத்து அவரே மாட்டிக்கிட்டாரு. ஒம்போதாவது வளைவுல பானட்டுக்குள்ள இருந்து பொகை. ஒயரெல்லாம் வெல்லப்பாகு மாதிரி உருகிக் கெடந்துச்சு. எதுக்குங்க இவ்வளவு செரமப்பட்டீங்க, நேரா தீய வெச்சிருக்கலாமேன்னு கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் பேசறதில்ல. பேட்டரியில இருந்து தனி ஒயரு, தனி ரிலே, தனி ஃபியூஸு. முடிச்சு போட்ட எடத்துலெல்லாம் செவப்பு டேப்பு. மலையில எந்த வண்டியத் தொறந்தாலும் செவப்பு டேப்பு இருந்தா அது தெரசம்மா வேலைன்னு அர்த்தம். கருப்பு டேப்பு நான் வாங்கறதே இல்ல. ஊட்டுலயும் வாளிக் காது, கரண்டிக் காம்பு, எது ஒடைஞ்சாலும் செவப்புத்தான். எம் மவ திட்டுவா, இது ஊடா ஒர்க்‌ஷாப்பான்னு.

டீ சூடா இருக்குதா? மெதுவாக் குடி.

சித்த நவுரு. ஒயர டேஷ்போர்டுக்கு அடியில கொண்டு போவோணும். எடது சீட்டுக்குக் கீழ படுத்துத்தான் கைய வுடோணும். டார்ச்ச இப்புடிப் புடி. வேண்டாம், என்ற வாயிலயே கவ்விக்கறேன். நீ புடிச்சா ஆடுது.

...

ம்? ஒண்ணுமில்ல. கையில என்னமோ தட்டுச்சு. ஒயருதான்.

ஏங்கண்ணு, தெனமும் தனியாத்தான் போயிட்டு வர்றியா? இல்ல, சும்மா கேட்டேன். லோடு எறக்கிட்டு வெறும் வண்டியாத்தான் ஏறுவே? பக்கத்து சீட்டுல ஆரும் இல்ல. செரி செரி. அதுக்கெதுக்கு இத்தன வேர்வை? பனிக்கு ஊரே சொட்டர் போட்டுட்டு நிக்குது.

அந்தக் கல்யாண மண்டபத்தப் பொட்டியில போட்டுக் கட்டு. மேல ஏறாது. ஆமா, உன்ற இஷ்டம்னு சித்த முந்தி சொன்னேன். இப்ப சொல்லல. திருப்பி அனுப்பிடு, இல்லீன்னா உங்கப்பன் காட்டுல பன்னி வெரட்ட வெச்சுக்கட்டும். உனக்கு இந்த மஞ்ச ஜோடிதான். அலமாரியில இருந்து எடுத்தேன் பாரு, இதேதான். மறுபேச்சு பேசாத.

ஏன் கடுகடுங்கறேன்னு கேக்கறியா? சொல்றேன். ஸ்பேனர எடு.

இந்த ரோட்டுப் பழக்கம் உனக்கே தெரியும். ஏறுற வண்டிக்குத்தான் வழி. எறங்கறவன் வளைவுக்கு மேல ஒதுங்கி நின்னு ஹெட்லைட்ட அணைப்பான். அணைச்சா, 'நீ ஏறி வா'ன்னு சொல்றான்னு அர்த்தம். எந்தப் புஸ்தகத்துலயும் எழுதி வெக்கல, லைசென்ஸுக்குப் போனாலும் சொல்லித் தரமாட்டாங்க. ஆனா மலையில ஸ்டீரிங்கு புடிச்சவன் அத்தன பேருக்கும் தெரியும்.

எங்க ஊட்டுக்காரரு லூர்துராஜு. எஸ்டேட் லாரி ஓட்டிட்டிருந்தாரு. ஆறு வருசம் ஆச்சு. நவம்பர் மாசம், இப்புடித்தான் சாயங்காலம், இப்புடித்தான் பனி. நல்ல லைட்டா வாங்கி, நானே பாத்துப் பாத்து அவரு லாரிக்கு மாட்டுனேன். நாந்தான் படிச்சவளாச்சே! பொட்டிக்குள்ள ஒரு காயிதம் இருந்துச்சு. கடும்பனியில ஹெட்லைட்ட அணைச்சுட்டு இத மட்டும் போடுங்கன்னு அதுல எழுதியிருந்துச்சு. அப்புடியே சொல்லி அனுப்புனேன். இருவது வருசத்துல நான் சொன்ன ஒரு பேச்சையும் கேக்காத மனுசன், அன்னிக்குன்னு கேட்டாரு.

பதினாலாவது வளைவு. அவரு எறங்கறாரு, ஹெட்லைட்டு இல்ல, கீழ மஞ்ச மட்டும் எரியுது. எதுக்க வெள்ளக்கடை ஊருக்குப் போற ஜீப்பு ஏறுது, வேலை முடிஞ்சு போறவங்க ஒம்போது பேரு. ஜீப்புக்காரன் பாக்கறான், ஹெட்லைட்டு அணைஞ்சிருக்குது. மஞ்ச வெளிச்சத்த நிக்கற வண்டியோட பார்க்கிங் லைட்டுன்னு நெனச்சுக்கிட்டான். நமக்கு வழி குடுத்துட்டாங்கன்னு கியரப் போட்டு ஏறிட்டான். அவன் மேல என்ன தப்பு? நானா இருந்தாலும் ஏறியிருப்பேன். இவரு ஜீப்பு மேல மோதாம ஓரச் செவுத்துப் பக்கம் ஒடிச்சாரு. செவுரு தாங்கல.

ஜீப்புல இருந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. அதுல வந்த ஆராயிங்கற பொம்பள இன்னும் ஞாயித்துக்கெழமையானா கொய்யாப்பழம் கொண்டாந்து வாசப்படியில வெச்சுட்டுப் போவுது. நல்ல பழந்தான். நான் திங்கறதில்ல.

அந்தக் காயிதம் எழுதுனவன் மேல எனக்குக் கோவம். சொன்னதக் கேட்ட அந்த மனுசன் மேலயும் கோவம். என் மேலதான் நொம்ப. லைட்டுல ஒரு கொறையும் இல்ல கண்ணு. ஒரு ஸ்குரூ கூடத் தப்பா மாட்டல. லைட்டப் பத்தி எல்லாம் பாத்தேன், ரோட்டப் பத்தி நெனைக்கல.

அதனாலதான் எங்கடையில மாட்டற பனி லைட்டு தனியா எரியாது. ஹெட்லைட்டத் தாழ்த்திப் போடற டிம்மோட சேந்துதான் எரியும். டிம்ம அணைச்சா அதும் அணையும். இருட்டா இருந்தா வண்டி நிக்குது, வெளிச்சம் இருந்தா வண்டி வருது, நடுவுல ஒண்ணு கெடையாது. டிம் இல்லாமயே எரியற மாதிரி சுவிட்ச்சு குடுங்கன்னு கேட்டு எத்தனையோ பேரு சண்ட போட்டிருக்கறாங்க. குடுக்கமாட்டேனுங்க, வேற கடை பாருங்கன்னுடுவேன். உனக்கு அதுவும் சொல்லமாட்டேன். நீ வேற கடை பாக்கவும் வுடமாட்டேன்.

செரி, ஏறி ஒக்காரு. செவுத்துல சாக்பீஸ் கோடு தெரியுதா? டிம்மப் போடு. இப்ப கீழ இருக்கற சுவிட்ச்ச அமுத்து. பாத்தியா? கோட்டுக்கு மேல ஒரு பொட்டு ஏறுதா? ஏறாது. ஒரு வெரக்கடை எறக்கியே வெச்சிருக்கறேன். லோடு ஏத்துனா பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், அப்ப வெளிச்சமும் தூக்கும். எடது லைட்ட மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாத் திருப்பியிருக்கறேன். பக்கத்து சீட்டுல ஒக்காந்திருக்கறவங்களுக்கும் ரோட்டோரம் தெரியோணுமில்ல. அட ஆமா, ஆரும் வர்றதில்லீன்னு சொன்னியே. மறந்தே போச்சு.

மணி நாலே முக்கா. கெளம்பு. இரு இரு, இதக் கையில புடி. சீட்டுக்கு அடியில கெடந்துச்சு.

குடை. பொம்பளைங்க குடைதான், பூப்போட்டது. ஆருதுன்னு தெரியாதா? லோடு ஏத்தறவனுதா! மூட்ட தூக்கறவனெல்லாம் ரோசாப்பூக் குடை புடிக்கறானா, மஞ்சக்குட்டை நல்லா முன்னேறிடுச்சு போ. கைப்பிடியப் பாரு கண்ணு. செவப்பு டேப்பு. போன மழையில ஒடைஞ்சுது. ராத்திரி ஒக்காந்து நாந்தான் சுத்திக் குடுத்தேன்.

எங்க எறங்கறே? ஒக்காரு. கதவச் சாத்து. சர்ச்சா கோயிலா, உங்கப்பன் என்ன சொல்லுவாரு, அதெல்லாம் இன்னிக்கு வேண்டாம். அவருகிட்ட நானே பேசிக்கறேன். சேலத்து ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துக் குடுக்கற டூட்டி முடிஞ்சு ஆறு மணி பஸ்ஸுல வந்துடறேன்மான்னு காலையிலதான் எம் மவ ஆஷ்லின் சொல்லிட்டுப் போனா. எட்டு மாசமா ஒரு நாளும் லேட்டு கெடையாது. பஸ்ஸு இப்பெல்லாம் நேரத்துக்கு வருதேன்னு நானும் கண்டக்டரையெல்லாம் மெச்சிட்டிருக்கறேன்.

நான் குடையப் பாத்தேன்னு அவகிட்ட சொல்லாத. அவளே வந்து சொல்லட்டும். பதினாலாவது வளைவுல மட்டும் மெதுவா ஏத்து, ஆரன் அடி. அந்த எடத்துக்கு ஒரு ஆளு குடுத்தாச்சு கண்ணு. எங்கிட்ட மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதான்.

போ, பனி எறங்கிடுச்சு. டிம்மப் போட்டுட்டுப் போ.