ஃப்ரீவே இறங்கும் தெரு

— கொஞ்சம் மெதுவா, சடகோபன் அண்ணை. இது கவுன்சில் வாசல். மேடை உள்ளுக்கை.

— சிரிக்காதீர்கள் கணேசலிங்கம்! ஃப்ரீவே நெடுஞ்சாலையை உங்கள் தெருவோடு இணைக்கும் வழி இன்று அடைபடும். குழந்தைகள் நடக்கும் தெருவைச் சீறி வரும் கார்களுக்குப் பலியிட்டது யார்?

— அந்தக் கார் எல்லாம் என்ர சாப்பாட்டுக் கடையில நிக்குது. அடுத்த தெருவில உங்கட கடையில நிண்டிருந்தா மாலை போட்டு வரவேற்றிருப்பியள்.

— பொறாமை என்கிறீர்களா? எனக்கா?

— ஓம்.

— உங்கள் வாசலில் வரிசை. என் வாசலில் நான். அதே அரிசி, அதே புளி! இந்த ரோவில் ஊர் முழுக்க உங்கள் பேச்சு!

— ஃப்ரீவேக்காரர் சம்மதிச்சாலும், அடைக்க முன்னம் கவுன்சில் எல்லாருக்கும் அறிவிச்சு, எதிர்ப்பு எழுதின ஆக்களைக் கூப்பிட்டுக் கேக்கோணும். இண்டைக்குக் கூட்டம் அதுக்குத்தான், தெரியும்தானே?

— அந்த விதியைத் தமிழாக்கி வீடு வீடாகக் கொடுத்தவனே நான்! எதிர்ப்பு யாருடையது? உங்களுடையதா?

— இல்லை, எங்கட சமையல்காரி எழுதினவ. வழி அடைபட்டா கடை மூடுப்படும், அவவின்ர வேலையும் போயிடும்.

— அந்த அம்மையாரா! போன வாரம் ஆள் விட்டு உங்கள் கத்தரிக்காய்க் குழம்பை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தக் கைப்பக்குவம் என் கடையில் இல்லையே என்று... வயிறு எரிஞ்சுதய்யா! எங்கே பிடித்தீர்கள்?

— நான் எங்க பிடிச்சனான்? தானா வந்து கேட்டவ. வீட்டில மனுசன் அடுப்புப் பக்கம் போகவே விடமாட்டாராம்.

— யார் அந்தக் கொடியவன்? ஒரு பெண்ணின் விருப்பத்துக்குப் பூட்டுப் போட அவன் யார்? என்னைப் பாருங்கள்! அடிமைத்தனம் அடுப்படியில் தொடங்குகிறது என்று ஊர் ஊராக முழங்கியவன் நான். திருமணமான மறுநாளே என் விமலாவை அடுப்பிலிருந்து விடுவித்தேன்! ஒரு நாள்கூடக் கரண்டி பிடிக்க விட்டதில்லை. பகலெல்லாம் நூலகத்தில் இருக்கிறாள், சுதந்திரமாக.

— நூலகத்திலயோ? அண்ணை, ஒருக்கா பின்னால திரும்பிப் பாருங்கோ.

— விமலா! என் பேச்சைக் கேட்க வந்தாயா?

— இல்லைங்க, பேச வந்தேன். எதிர்ப்பு எழுதினதே நான்தான். ஒரு தெருவை மூடுறதுக்கே அதுல போறவங்களைக் கேக்கணும்னு இங்க சட்டம் இருக்கு. என் அடுப்பை அணைச்சப்போ நீங்க என்னைக் கேட்டீங்களா?