கட்டங்களாக வந்த செய்திகள்

பழைய போனில் ஒரு வசதி உண்டு. ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்கும். அதை நான் மாற்றாமல் வைத்திருந்ததற்கு அண்ணியிடம் சொன்ன காரணம் அதுதான். அவர் நம்பினார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பக்கவாதத்தில் வலது பக்கம் போனது, பேச்சும் போனது. எழுத்தைக் காட்டினால் முழிப்பார். ஆனால் வேலையில்லாத நேரமெல்லாம் போனில் மாஜாங் என்ற சீனக் காய் விளையாட்டை ஆடியவர். அந்தக் காய்கள் மட்டும் அவருக்கு மறக்கவில்லை. இரவு வேலையை உதறிவிட்டு வீட்டில் கிடந்த நான்தான், அண்ணி வேலைக்குப் போனபின் அவரைப் பார்த்துக்கொண்டேன். மாஜாங் காய்களை எழுத்துகளைப் போலவே மெசேஜில் தட்டலாம் என்று கண்டுபிடித்ததும் நான்தான். பறவை போட்ட காய் என்றால் தண்ணீர். இரண்டு மூங்கில் என்றால் சிறுநீர். பூ வந்தால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

"அண்ணனும் தம்பியும் காய் உருட்டியே குடும்பம் நடத்துறீங்கடா," என்று அண்ணி சிரித்தார். அவர் சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அதன்பின் அண்ணன் ஓயவில்லை. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது. தண்ணீர் கொடுத்துத் திரும்பினால் பூ. புரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் பறவை. பாத்ரூமுக்குள்ளும் விடமாட்டார். பேச வாய் கிடைத்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் என் போன் கீழே விழுந்து உடைந்தது. அது தற்செயல்தான். டிராயரில் கிடந்த பழைய போனில் சிம்மைப் போட்டேன். அதில் இந்தக் காய்களுக்கு உருவம் கிடையாது. பறவை, மூங்கில், பூ எல்லாமே ஒரே மாதிரி வெற்றுக் கட்டமாக வந்தன. என்ன கேட்கிறார் என்று தெரியாதவனால் என்ன செய்ய முடியும். மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தூங்கினேன்.

நான்கு நாளில் போன் சரியானது. "அந்தத் தகரத்தைத் தூக்கிப் போடுங்க தம்பி," என்றார் கடைக்காரர். சரியான போனை அணைத்து டிராயரில் வைத்தேன். மணிக்கு ஒருமுறை அண்ணனைப் போய்ப் பார்த்தேன். அது போதும் என்று எனக்குப் பட்டது.

அண்ணன் மூச்சு முட்டி இறந்தபின், ஸ்டேஷனிலிருந்து வந்து நீங்கள் விசாரித்தபோது அண்ணியே எனக்காகப் பேசினார். "அவனப் போட்டுக் குடையாதீங்க சார். ஓட்ட போனு, வெறும் கட்டம்தான் வரும். நானே பாத்திருக்கேன்." நீங்களும் அண்ணன் போனிலிருந்து ஒரு பறவையை அனுப்பிப் பார்த்தீர்கள். கட்டம் வந்தது. அவர் கடைசியாக அனுப்பிய சிவப்புக் காய்களும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நீங்களே முடிவு செய்தீர்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இனி இதைச் சுமக்கத் தெம்பில்லை. அந்தச் சிவப்புக் காய் மட்டும், சிரிப்பு முகம், இதயம் போன்ற படங்களோடு சேர்ந்தது. அந்தப் பழைய போனிலும் வண்ணத்தோடு வரும். மூச்சு முட்டினால் அனுப்ப வேண்டிய காய் அது.

மதியம் மூன்று மணிக்கு முதலாவது வந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கதவு ஆறு படி மேலே. இன்னொன்று வந்தால் போகலாம் என்று நினைத்தேன். வந்தது. மொத்தம் பதினொன்று வந்தன. உங்களிடம் போனைக் கொடுக்குமுன் எல்லாவற்றையும் அழித்தேன்.

பதினொன்றுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. மூச்சு சீராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.