நகராத புள்ளி

— அத்தை, அந்த போனை இப்படிக் கொடுங்க. நீங்க முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா அது நகந்துடுமா?

— நான் பாக்கறதுனாலதான் நகராம இருக்குன்னு சொல்ல வர்றீங்களா மாப்ள?

— ஐயோ, நான் அப்படியா சொன்னேன்? சலவைக்கு வந்த சட்டைக்கெல்லாம் நம்பர் துண்டு கட்டச் சொன்னேன். நீங்க மூணு சட்டைக்கும் ஒரே நம்பரைக் கட்டி வெச்சிருக்கீங்க. நாளைக்கு டாக்டர் சட்டையை டிரைவர் போட்டுக்கிட்டுப் போகப்போறார்.

— போட்டுக்கட்டுமே. என் பொண்ணு மலைமேல கிடக்கறா, இவருக்கு சட்டை ரொம்ப முக்கியம். இங்க பாருங்க. நாம டீ குடிக்கறப்ப மேப்புல இந்த ஆரஞ்சுப் புள்ளி இந்த வளைவுல இருந்துச்சா? இப்பவும் அதே வளைவு. பின்னாடி வந்த பச்சைப் புள்ளி, நீலப் புள்ளி எல்லாம் தாண்டிப் போயிடுச்சு.

— அது வெறும் புள்ளி அத்தை. அவ முதுகுப்பைப் பட்டையில ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்காங்கள்ல, அது அனுப்பற சிக்னல். மலையில விட்டு விட்டுத்தான் வரும்.

— ஊர்ல இருக்கறவங்க பெட்டிக்கெல்லாம் வருது, என் பொண்ணு பெட்டிக்கு மட்டும் வராதாக்கும்.

— வாங்க சார். ஆமா, ரெண்டு கோட்டு, சாயங்காலம் ரெடி. இதுவா? இது என் மனைவி சார். இல்ல சார், புள்ளிதான், ஆனா மனைவி. மலைப் பந்தயத்துல இருக்கா. நேத்து முழுக்க சைக்கிள், அப்புறம் ஆத்துல துடுப்பு போட்டாங்க, இன்னிக்கு மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கிட்டா முடிஞ்சுது. பரிசா? அதெல்லாம் கிடையாது சார். முடிச்சா ஒரு பனியன் கொடுப்பாங்க. ஆமா சார், பனியன் நம்ம கடையிலயே மலையாக் குவிஞ்சு கிடக்கு. சரி சார், சாயங்காலம் வாங்க.

— சிரிச்சுட்டுப் போறார், பாத்தீங்களா?

— சிரிக்கட்டும்.

— எல்லாம் நீங்க கொடுத்த இடம். பல் டாக்டர்கிட்ட வேலை பாத்தோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருந்தவ. கடையில இருக்கற ஈரப் பெட்ஷீட்டையெல்லாம் பையில அடைச்சு முதுகுல மாட்டிக்கிட்டு மாடிப்படியில ஏறி ஏறி இறங்கினாளே, அப்பவே நீங்க நாலு வார்த்தை கேட்டிருக்கணும்.

— கேட்டேனே. 'பெட்ஷீட்டைக் காயப் போடணும், சீக்கிரம் இறங்கு'ன்னு கேட்டேன்.

— என்னமோ போங்க. உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. இப்ப அந்தப் பந்தயக்காரங்களுக்கு ஒரு போன் போடுங்க. 'ஒருத்தி ஒரே இடத்துல நிக்கறா, என்னன்னு எட்டிப் பாருங்க'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? அதாவது அத்தை, மறுபடியும் சொல்றேன். அவகிட்ட போன் இருக்கு, ஆனா சீல் வெச்ச கவர்ல. நடுவுல கிழிச்சா அவுட். பெட்டியில சிவப்பு பட்டன் இருக்கு. அமுக்கினா ஆள் வரும், ஆனா அவுட். நாம இங்கிருந்து சொல்லி ஆள் போனாலும் அவுட். போன வருஷம் பட்டது போதாதா?

— அதை எதுக்கு இப்ப இழுக்கறீங்க?

— நானா இழுக்கறேன்? நான் துணி டெலிவரிக்குப் போன நேரமாப் பாத்து, இதே கடை போன்ல நீங்க கூப்பிட்டீங்க. நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கிட்டு ஓடிப் போய்ப் பாத்தா, இவ பாறை நிழல்ல நிம்மதியாக் கண்ணசந்துட்டு இருக்கா. எழுப்பிக் கீழ கூட்டிட்டு வந்து, நெஞ்சுல குத்தியிருந்த நம்பரையும் கழட்டி வாங்கிக்கிட்டாங்க.

— தூங்கறான்னு நான் என்னத்தைக் கண்டேன்? பெத்த வயிறு கேக்குமா?

— பழி என்மேலதானே விழுந்துச்சு.

— நீங்கதானே 'நான்தான் பண்ணேன்'னு முந்திக்கிட்டீங்க.

— உங்கமேல கோவிச்சுக்கிட்டா நீங்க அழுவீங்க, உங்களைப் பாத்து அவ அழுவா. என்மேல கோவிச்சுக்கிட்டா நான் பாட்டுக்கு சட்டை தேய்ச்சுக்கிட்டு இருப்பேன். ஒரு மாசம் அத்தை! தட்டை டங்குனு வெக்கற சத்தம்தான் எங்களுக்குள்ள பேச்சே.

— அதனாலதான் சொல்றேன், இந்தத் தடவையும் நானே பண்றேன். நீங்க பண்ணதாச் சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் பழக்கமாயிடுச்சே.

— அடேயப்பா, நல்லா இருக்கு உங்க நியாயம்!

— அவளா அந்தப் பட்டனை அமுக்க மாட்டா மாப்ள. எனக்குத் தெரியும் அவளை. ஆறு வயசுல மொட்டைமாடித் தண்ணித் தொட்டிமேல ஏறிட்டா. ஏறத் தெரிஞ்சுது, இறங்கத் தெரியல. கத்தினாளா? ம்ஹூம். நாங்க தெருத்தெருவாத் தேடறோம், இவ மேல உக்காந்துக்கிட்டு எங்களையே வேடிக்கை பாக்கறா. கடைசியில அவங்கப்பா ஏணி போட்டு இறக்கினார். காலு தரையில பட்டதும் கேக்கறா, 'நானே இறங்கலாம்னு இருந்தேன், எதுக்கு வந்தீங்க?'ன்னு. ரெண்டு நாள் அந்த மனுஷன்கூட பேசல.

— இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா இறங்கியிருப்பாளோ என்னமோ.

— எங்க இறங்கறது! தொடை ரெண்டும் வெடவெடன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

— அத்தை, கொஞ்சம் உக்காருங்களேன். இந்தக் கடையே ஒரு முழம். நீங்க குறுக்கும் நெடுக்கும் நடந்தா நான் எங்க நின்னு தேய்க்கறது?

— நீங்க மட்டும் ஒழுங்கோ? அந்த ஒரே காலரை எவ்வளவு நேரமாத் தேய்க்கறீங்க? காலர் ஒண்ணும் மலையேறப் போகல.

— கை சும்மா இருந்தா போனைப் பாக்கத் தோணுது.

— அப்படி என்ன இருக்கு அந்த மலையில? எனக்குப் புரியவே மாட்டேங்குது மாப்ள. காசா பணமா? நகம் பிஞ்சு, முட்டி வீங்கி, கருவாடா வர்றா. வந்த மூணாம் நாளே அடுத்த மலைக்குப் பேர் கொடுக்கறா.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு தடவ அவகூட ஏறினேன், உங்களுக்குத் தெரியுமே.

— தெரியாம என்ன? நாலு நாள் மாடிப்படியில உக்காந்து உக்காந்து இறங்கினீங்க.

— அது இறங்கினப்புறம். ஏறினதைக் கேளுங்க. பாதியிலயே எனக்கு நாக்கு வெளிய தள்ளிடுச்சு. இவ திரும்பி வந்து என் பையையும் வாங்கி மாட்டிக்கிட்டு, முன்னாடி போய்க்கிட்டே இருக்கா. மேல போனதும் ஒரு பாறையில உக்காந்தா. அவ்வளவுதான். பேசல, போட்டோ எடுக்கல, பையைக்கூடத் திறக்கல. வீட்டுல ஒரு நிமிஷம் ஒரு இடத்துல இருப்பாளா அவ? சாப்பிடும்போதே எழுந்து கதவு பூட்டியிருக்கான்னு பாக்கறவ. 'என்ன, சும்மா உக்காந்திருக்கே'ன்னு கேட்டேன். 'இங்கதான் எனக்குள்ள சத்தம் நிக்குது'ன்னா. அதுக்கப்புறம் நான் ஏன்னு கேக்கறதை விட்டுட்டேன்.

— என்கிட்ட அப்படியெல்லாம் ஒண்ணும் சொன்னதில்ல.

— நீங்க கேட்டா திட்டுவீங்கன்னு பயம்.

— பஸ் ஏறும்போது ஜன்னல் வழியா உங்ககிட்ட என்னமோ சொன்னாளே, நீங்ககூட தலையை ஆட்டினீங்க. நான் தண்ணி பாட்டில் வாங்கப் போயிருந்தேன். என்ன சொன்னா?

— இப்ப எதுக்கு அது?

— சொல்லுங்க மாப்ள.

— 'புள்ளி நின்னு போனாலும் யாருக்கும் போன் பண்ணாதீங்க. ஒரே ஒரு தடவ என்னை நம்புங்க'ன்னா.

— நீங்க?

— நம்பறேன்னேன்.

— ம்.

— கெஞ்சின மாதிரி இருந்துச்சு அத்தை. அவ கெஞ்சி நான் பாத்ததே இல்ல.

— மாப்ள, இது என்ன, மலைக்கு மேல சாம்பலா ஒரு திட்டு வருது?

— எங்க? மேகம். மழை மேகம்.

— பக்கத்துல என்னமோ கோணலா கோடு போட்டிருக்கே?

— மின்னல்.

— புள்ளி?

— அங்கேயேதான் இருக்கு.

— கடவுளே. மாப்ள, ஏதோ கருகற நாத்தம் வரல?

— ஐயையோ, அயர்ன் பாக்ஸ்! போச்சு. முதுகுல ஓட்டை.

— யாருது, டாக்டருதா, டிரைவருதா?

— யாருதா இருந்தா என்ன! விடுங்க அத்தை, என்னால முடியல. கால் உடைஞ்சு கிடந்தா? மயங்கிக் கிடந்தா, பட்டனை யார் அமுக்கறது? பனியனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஒரு மாசம் என்ன, ஒரு வருஷம்கூட என்கூட பேசாம இருக்கட்டும். உயிரோட இருந்து பேசாம இருக்கட்டும். அந்த நம்பர் எங்க?

— செவுத்துல, காலண்டர் பக்கத்துல.

— அடிக்குது. எடுக்க மாட்டேங்கறாங்க. எடுத்துத் தொலைங்களேன்யா.

— வைங்க.

— என்ன?

— போனை வைங்க மாப்ள.

— கட் பண்ணிட்டீங்களே! காலையிலேர்ந்து போன் பண்ணு போன் பண்ணுன்னு உயிரை எடுத்தது நீங்கதானே?

— நான் பயப்படுவேன். பெத்தவ, அது என் வேலை. நீங்க நம்பறேன்னு வாக்கு கொடுத்துட்டு வந்து நிக்கறீங்க. வேணும்னா அவ பட்டனை அமுக்குவா.

— அமுக்க மாட்டான்னு இப்பதானே சொன்னீங்க? தண்ணித் தொட்டி, ஏணின்னு கதை சொன்னீங்களே?

— அப்ப அவளுக்கு ஆறு வயசு. இப்ப முப்பத்தாறு. நான்தான் இன்னும் தொட்டிக்குக் கீழயே நின்னுக்கிட்டு இருக்கேன்.

— ஏதாவது ஆச்சுன்னா?

— ஆச்சுன்னா, அதை ரெண்டு பேருமே சுமப்போம். இந்தத் தடவ உங்க ஒருத்தர் தலையில கட்ட மாட்டேன்.

— அத்தை, அவங்களே திரும்பக் கூப்பிடறாங்க.

— எடுக்காதீங்க!

— எடுக்கலைன்னா ஏதோ ஆபத்துன்னு நெனச்சு ஆள் அனுப்பிடுவாங்க. சும்மா இருங்க. ஹலோ. வணக்கங்க. ஆமாங்க, நாங்கதான் கூப்பிட்டோம். இல்லைங்க, அவசரமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அதாவது, இது சலவைக் கடைங்க. பந்தயத்துல சேறு, வேர்வைன்னு நிறைய துணி அழுக்காகுமே, மொத்தமாத் துவைச்சுக் கொடுக்க ஆள் வேணுமான்னு கேக்கலாம்னு. ஆமாங்க, நல்ல பவுடர்தாங்க. எங்க ஆளா? பந்தயத்துலயா? இல்லைங்க. எனக்கு யாரும் இல்லைங்க. சரிங்க. ரொம்ப நன்றிங்க.

— என்ன சொன்னாங்க?

— ஐநூறு பனியன் இருக்காம். ரேட் அனுப்பச் சொன்னாங்க.

— அடப்பாவி மனுஷா, இந்த நேரத்துல ஆர்டர் பிடிச்சீங்களா?

— நான் எங்க பிடிச்சேன்? வாய் பாட்டுக்குப் பேசிடுச்சு. யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன் அத்தை. அவ அங்க மழையில கிடக்கறா, எனக்கு யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன்.

— சரி, அழாதீங்க. கண்ணைத் துடைங்க. ஐயோ அதுல துடைக்காதீங்க, அது வக்கீல் கோட்டு.

— ஓட்டை விழுந்த சட்டையைக் கொடுங்க.

— இந்தாங்க. மாப்ள.

— ம்.

— இந்தப் புள்ளி முன்னாடி இந்தக் கோட்டுக்குக் கீழதானே இருந்துச்சு?

— விரலை எடுங்க, மறைக்குது. இருங்க, பெருசு பண்றேன். ஆமா, கீழதான் இருந்துச்சு. அத்தை!

— சொல்லித் தொலைங்களேன்!

— நகருது அத்தை. மேல போறா. நடக்கறா, நடக்கறா!

— தங்கமே. என் ராசாத்தி. மெதுவாப் போடி, வழுக்கும்டி.

* * *

— புள்ளி முடிவுக் கோட்டைத் தொட்டு எவ்வளவு நேரம் ஆச்சு? ஏன் இன்னும் கூப்பிடல?

— மூச்சு விட வேணாமா அவ? நீங்க அந்த ஷட்டர் கம்பியை எடுங்க, மீதியை நாளைக்குப் பாத்துக்கலாம். இதோ, இதோ, அவ நம்பர்!

— சீலைக் கிழிச்சுட்டா! கிழிச்சா அவுட்டாச்சே!

— முடிச்சவங்க கிழிக்கலாம் அத்தை. ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ! ஹலோ!

— முடிச்சுட்டேன்.

— என்னடி குரல் இது? கை கால் எல்லாம் இருக்கா?

— இருக்கும்மா. ரெண்டு நகம் போச்சு. பனியன் கொடுத்தாங்க, தொளதொளன்னு இருக்கு.

— கொண்டு வா, ரெண்டு தடவ துவைச்சா சுருங்கிடும்.

— இவர் ஒருத்தர்! குட்டி, கேளு. புள்ளி அப்படியே நின்னு போச்சு. மழை, மின்னல், ஒரு சட்டை வேற கருகிப் போச்சு. உயிரே போயிடுச்சுடி எங்களுக்கு. ஆனா போன் பண்ணலையே! ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்லலையே! நல்லாத் தூங்கிட்டு இருந்தவளைப் போன வருஷம் எழுப்பிக் கெடுத்த மாதிரி இந்த வருஷமும் கெடுத்துடக் கூடாதுன்னு கம்முனு இருந்தோம். இந்தத் தடவ உன்னை நம்பினோம்டி.

— ம்.

— என்னடி, வெறும் 'ம்'? சந்தோஷமா இல்லையா உனக்கு?

— அம்மா, போன வருஷம் நான் எங்க தூங்கினேன்? முடியாமதான் கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன், யாரோ வந்து கூட்டிட்டுப் போனாங்க. முடியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுத்தான் அவர்மேல கோவிச்சுக்கிட்டேன். இந்தத் தடவையும் நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது போன் பண்ணிடுவீங்கன்னு நம்பி அதே பாறையில உக்காந்து வழியையே பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு ஈ காக்கா வரல. அப்புறம் நடக்காம என்ன பண்றது?